ஒரு அலைக்கு ஒரு ஆள்

பூவரசின் கீழே பலகையைக் கிடத்தி, மெழுகுதிரியால் அதன் முதுகை வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறார் சிவபாதத்தார். இந்த நேரத்தில் கூப்பிட்டால் திரும்ப மாட்டார். தேய்த்து முடிந்ததும் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். கை பிடித்தால் சரி, வழுக்கினால் மறுபடியும் தேய்ப்பார். பிறகு காற்சட்டைப் பையிலிருந்து அவித்துக் காயவைத்த பனங்கிழங்கான புழுக்கொடியலில் ஒரு துண்டை எடுத்துக் கடைவாயில் அடக்கிக்கொண்டு, கடலைப் பார்த்தபடி குந்திவிடுவார். பல்லால் கடிப்பதில்லை. அது தானாக ஊறி மெதுமையாகும்வரை கடலைப் பார்க்க வேண்டுமாம். "அவசரப்பட்டு இறங்கினால் பிழையான அலையிலை ஏறிப்போடுவம்" என்பார். புழுக்கொடியல் ஊறியதும் அதை மென்று விழுங்கிவிட்டு, நெற்றித் திருநீறு அழியாமல் ஒருமுறை கும்பிட்டுவிட்டு இறங்குவார்.

எங்கள் தீவின் சாட்டிக் கடல் சாதுவான கடல். வாடைக்காலத்தில் குளம்போலக் கிடக்கும். தென்மேற்கிலிருந்து சோழகக் காற்றுப் பெயர்ந்தால் இடுப்பளவு அலை எழும்பி, யாரையும் அடித்துப் புரட்டாமல், பாய் சுருட்டுவதுபோல ஆறுதலாகக் கரைக்கு வரும். சிவபாதத்தார் பலகையில் குப்புறப் படுத்து, கையால் வலித்துக்கொண்டு அலை எழும் இடத்துக்குப் போவார். அலை பலகையைத் தூக்கும் கணத்தில் கையை ஊன்றி எழும்பி நின்றுவிடுவார். நாற்பத்தெட்டு வயது மனிதர், காக்கிக் காற்சட்டையோடும் கடைக்கார வயிற்றோடும், முழங்காலை மடித்துக் கைகளை விரித்துத் தண்ணீரின்மேல் நின்றபடியே கரைவரை வருவார். பார்த்தால் சிரிப்பு வரும் என்று நினைப்பீர்கள். எனக்கு வருவதில்லை. எனக்கு வயிறு எரியும்.

அவர் என் சகலன். அவர் பரிமளத்தைக் கட்டினார், நான் பரிமளத்தின் தங்கை நாகபூசணியைக் கட்டினேன். ஊர்காவற்றுறையில் எனக்கு அரசாங்கக் கந்தோரில் எழுத்து வேலை. கல்வீடு இருக்கிறது, பென்சன் வரும், நித்திரைதான் வராது. அவருக்கு நாரந்தனையில் ஒரு புகையிலைத் தோட்டமும் கொஞ்சம் பனங்காணியும் உண்டு, அவ்வளவுதான். மாமனார் வீட்டில் எந்த வகையில் நிறுத்துப் பார்த்தாலும் என் தட்டுத்தான் தாழ வேண்டும். ஆனால் எந்த நல்லது கெட்டதுக்குக் கூடினாலும் சனம் சுற்றி உட்காருவது அவரைத்தான். "அத்தானுக்கு வயிறு வத்திக்கொண்டு வருது, கவனிச்சனீங்களே?" என்றாள் ஒருநாள் நாகபூசணி. அவருடைய வயிறு வற்றியதாக எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லும்போது அவள் என் வயிற்றைப் பார்த்ததுதான் தெரிந்தது.

அவர் இந்த வித்தையைப் படித்தது தெற்கே, ஹிக்கடுவையில். அங்கே அவருக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்தது. சவர்க்காரமும் நெருப்புப்பெட்டியும் வாழைப்பழமும் வாங்க வரும் தலைமயிர் வளர்த்த வெள்ளைக்காரர்களில் ஒருவன், மத்தியானம் கடை பூட்டும் நேரத்தில் ஒருநாள், "முதலாளி, கம்" என்று கூப்பிட்டானாம். "கூப்பிட்டவன், போனனான்" என்று இவர் சொல்லுவார். அதற்குமேல் விளக்கம் கிடையாது. முதல் மாதம் முழுக்க உப்புத் தண்ணீர் குடித்ததாகக் கேள்வி. தகப்பனார் காலமானதும் கடையை மைத்துனரிடம் விட்டுவிட்டுக் காணியைப் பார்க்க ஊருக்கு வந்தார். வந்தவர் தோட்டத்துக்கு மண்வெட்டி வாங்குமுன்னர், கரம்பொன் அம்புறோஸிடம் ஒரு பழைய கட்டுமரத்தின் நடுமரத்தை வாங்கி, தானே இருந்து சீவிப் பலகையாக்கினார்.

அம்புறோஸ் பிறந்ததிலிருந்து கடலோடு பிழைப்பவர். சிவபாதத்தாருக்கு மாதா கோயில் மெழுகுதிரியை வாங்கிக் கொடுப்பவரும் அவர்தான். "நாங்கள் கடலுக்குப் போறது மீனோடை வர. இவர் சும்மா திரும்பி வாறதுக்கெண்டே போறார்" என்று சொல்லிச் சிரிப்பார். ஆனாலும் சிவபாதத்தார் அலையில் எழும்பி நிற்கும்போது அம்புறோஸ் கிழிந்த வலையைப் பொத்துவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பதை நானே கண்டிருக்கிறேன்.

நாரந்தனையிலிருந்து சாட்டி கிட்டடியில் இல்லை. பலகையைச் சைக்கிளின் பக்கவாட்டில் கயிற்றால் கட்டிக்கொண்டு போவார். சோழகக் காற்று பலகையில் பிடித்தால் சைக்கிள் தன் எண்ணத்துக்குப் போய்த் தாழம் பற்றைக்குள் விழும். எழும்பி, பலகைக்குக் காயமில்லையா என்று முதலில் பார்ப்பார், பிறகுதான் தன் முழங்காலைப் பார்ப்பார். பரிமளம் அந்தப் பலகைக்குச் சக்களத்தி என்று பெயர் வைத்திருக்கிறாள். "எனக்கு ஒரு நாளாவது இப்பிடித் தடவி நிழலிலை கிடத்தியிருப்பாரோ, கேட்டுப் பாருங்கோ" என்று என்னிடம் முறையிட்டாள். நான் கேட்டுப் பார்க்கவில்லை. அந்த வீட்டில் என்னைப் போல எரிகிற இன்னொரு ஆள் இருப்பது எனக்கு ஒருவகையில் ஆறுதலாகத்தான் இருந்தது.

போன வருஷம் சோழகத்தில், வெட்கத்தை விட்டு நானே கேட்டேன். நானும் ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் வரலாமா என்றேன். தலையை ஆட்டிவிட்டார். "ஒரு அலைக்கு ஒரு ஆள்தான், தம்பி. ரெண்டு பேர் ஏறினால் ரெண்டு பேரும் விழுவம். வெள்ளைக்காரன் சொல்லித் தந்த முதல் சட்டம் அது" என்றார். அந்த நீளக் கடற்கரையில் எங்கள் இருவரையும் ஒரு நாயையும் தவிர வேறு யாருமில்லை. அலைக்கு அங்கே என்ன பஞ்சம்? அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. காரணம் கேட்ட நாகபூசணியிடம் பல்வலி என்றேன்.

எங்கள் பகுதிச் சனம் சுற்றிவரக் கடல் இருக்கத் தோட்டக் கிணற்றில் குளிக்கிற சனம். கடலுக்கு இறங்குவது மீன் பிடிக்கிறவர்களின் வேலை என்பது எங்கள் ஆட்களின் நினைப்பு. எங்களுக்கு வருஷத்தில் ஒரேயொரு நாள்தான், ஆடி அமாவாசை. அன்றைக்குத் தகப்பனை இழந்தவர்கள் எல்லாரும் சாட்டிக்குப் போய், எள்ளுந் தண்ணீரும் இறைத்து, கடலில் முழுகி வருவோம். மற்ற நாட்களில் இடுப்புக்குக் கீழே உப்புத் தண்ணீர் பட்டவனைக் கண்டால் எங்கள் ஆட்களின் முகமே வேறு மாதிரிப் போகும். சிவபாதத்தார் இதையெல்லாம் அறியாதவரல்ல. தெற்கே இருந்தபோது மறந்தவர், திரும்பி வந்தும் ஞாபகப்படுத்திக்கொள்ளவில்லை.

வினை இந்த வருஷம் ஆனியில் வந்தது. அவருடைய மகள் சறோஜினிதேவிக்குப் புளியங்கூடலில் ஒரு சம்பந்தம் பொருந்தியது. பையன் பள்ளிக்கூடத்து வாத்தியார். மாப்பிள்ளையின் தகப்பன் அரியநாயகத்தார் தம் ஆட்களோடு பத்து மணிக்குப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. நல்ல நேரம் தப்பிவிடும் என்று யாரோ சொல்ல, அவர்கள் வெள்ளெனவே காரில் புறப்பட்டுவிட்டார்கள். நாரந்தனைச் சந்தியில் பாதை பிடிபடவில்லை. முன்னால், நனைந்த காற்சட்டையோடும் கட்டுமரக் கட்டையோடும் ஒருவன் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தான். அரியநாயகத்தார் கார்க் கண்ணாடியை இறக்கி, "எட, சிவபாதத்தாற்றை வீட்டுக்கு எந்தப் பக்கத்தாலை போறது, தெரியுமோ உனக்கு?" என்று கேட்டார்.

அந்த ஆள் சைக்கிளை விட்டு இறங்கி, "தெரியும், என்ரை பின்னாலை வாருங்கோ" என்றாராம். சொன்னபடி முன்னே சைக்கிளும் பின்னே காருமாக ஒழுங்கைவரை கூட்டிவந்து, படலையைக் கையால் காட்டிவிட்டு, வேலியைச் சுற்றிப் போய்ப் பின்பக்க வேலியில் இருந்த பொட்டுக்குள்ளால் வளவுக்குள் நுழைந்தார். நான் அப்போது முன் விறாந்தைக் கதிரையில் இருந்தேன். வந்தவர்களை இருத்தித் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, கிணற்றடியில் இரண்டு வாளி வார்த்து, வேட்டியும் சால்வையும் புதுத் திருநீறுமாக உள்ளேயிருந்து வந்து கைகூப்பினார் சிவபாதத்தார். "வாருங்கோ, வாருங்கோ. வழியிலை கரைச்சல் ஒண்டும் இல்லையே?"

அரியநாயகத்தார் அவருடைய தலையைப் பார்த்தார். அது இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் குடிக்காமலே கிளாஸைக் கீழே வைத்ததை நான் மட்டுமல்ல, உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த பரிமளமும் கண்டாள். பெண்ணைப் பார்த்தார்கள், பலகாரம் சாப்பிட்டார்கள், போய்விட்டார்கள்.

இரண்டொரு நாளில் அரியநாயகத்தார் என் கந்தோருக்கு வந்தார். பெண்ணைப் பிடித்திருக்கிறது, பொருத்தம் நன்று, ஆவணியில் வைக்கலாம், ஒன்றே ஒன்று, சம்பந்தியார் அந்தப் பலகையை இனித் தொடக்கூடாது என்றார். கெட்டவர் அல்ல. தன் வாய் விட்ட பிழையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் பலகையின் தலையில் வைத்தார். செய்தியைக் கொண்டுபோகும் பொறுப்பு எனக்கு. அன்று பின்னேரம் நாரந்தனைக்கு என் சைக்கிள் தானாகவே ஓடியது என்று சொல்ல வேண்டும். எதிர்க்காற்றுக்கூடத் தெரியவில்லை.

சிவபாதத்தார் வேலி அடைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பனையோலையைக் கீழே வைத்துவிட்டு ஒரு துண்டு புழுக்கொடியலை வாயில் போட்டுக்கொண்டு, "சறோ என்ன சொல்லுறாள்?" என்று பரிமளத்தைக் கேட்டார். சறோஜினிதேவி குசினி வாசலில் நின்றவள் சட்டென்று உள்ளே போய்விட்டாள். "பிள்ளைக்குப் பெடியனைப் பிடிச்சுப்போச்சு" என்றாள் பரிமளம், மெதுவாக. சக்களத்தி தொலைகிறாள் என்ற சந்தோஷம் அவள் முகத்தில் இருக்கும் என்று தேடினேன். கிடைக்கவில்லை.

அவர் வேலியைப் பார்த்தபடி நின்றார். ஊறும்வரை பொறுத்து, மென்று விழுங்கிவிட்டு, "பலகையைத்தானே சொன்னவர்?" என்று கேட்டார்.

"ஓம்."

"அப்ப சரி. உம்மடை வளவிலை கொண்டுபோய்ப் போடும். இஞ்சை கிடந்தால் கண் அதிலைதான் போகும்."

அப்படித்தான் பலகை என்னிடம் வந்தது. நாகபூசணி அதற்குச் சாக்குப் போர்த்தி மாட்டுக் கொட்டிலில் சாத்தினாள். அவள் சந்தைக்குப் போன ஒரு சனிக்கிழமை, நான் அதை எடுத்து முற்றத்து மணலில் கிடத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றேன். முழங்காலை மடித்தேன், கையை விரித்தேன். மூச்சு விடுவதற்குள் விழுந்துவிட்டேன். அடிப்பக்கம் வளைவாகச் சீவியிருந்ததால் பலகை ஆடியது. உலர்ந்த மணலில் கிடக்கிற கட்டையில் நிற்க ஏலாத என்னிடம் அந்தப் பலகை இருந்தது. அலையில் நிற்கத் தெரிந்தவர் வேலி அடைத்துக்கொண்டிருந்தார். இதனால் என் பொறாமை குறைந்திருக்க வேண்டும். கூடித்தான் போயிற்று, எதைப் பார்த்து என்று எனக்கே விளங்கவில்லை.

பலகை இல்லாமலும் அவர் சாட்டிக்குப் போய்வந்தார். வெறுஞ்சைக்கிளில் போவார், பூவரசின் கீழ் குந்துவார், புழுக்கொடியலைக் கடைவாயில் அடக்குவார், அது ஊறியதும் எழும்பித் திரும்பி வருவார். காலில் மணல் இருக்கும், ஈரம் இராது. ஒருமுறை நானும் பக்கத்தில் போய்க் குந்தினேன். நல்ல அலைகள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் அவருடைய பெருவிரல்கள் மணலைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தன. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை, எழும்பி வந்துவிட்டேன்.

இந்த வருஷ ஆடி அமாவாசைக்குத் தீவு முழுவதும் சாட்டியில்தான் நின்றது. மணலில் ஐயர்மார் வரிசையாக இருந்து தர்ப்பையும் எள்ளும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கிரியை முடித்தவர்கள் பிண்டத்தை ஏந்திக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்கள். நானும் சிவபாதத்தாரும் அரியநாயகத்தாரும் ஒரே வரிசையில் நின்றோம். சம்பந்திகள் இருவரும் மரியாதையாக நாலு வார்த்தை பேசிக்கொண்டார்கள். சறோஜினிதேவி தாயோடு கரையில் ஈரம் துடைக்கத் துவாய்களை வைத்துக்கொண்டு நின்றாள். விரதமாகையால் சிவபாதத்தாரின் வாயில் அன்று ஒன்றுமில்லை. பிண்டத்தைக் கடலில் விட்டார், கண்ணை மூடித் தகப்பன் பெயரைச் சொன்னார், மூன்று முறை முழுகி எழும்பினார். எழும்பியவர் கரைக்குத் திரும்பவில்லை. வெளிக்கடலைப் பார்த்தபடி நின்றார்.

அலை வந்தது. எல்லாரும் அதற்கு முதுகைக் கொடுத்து நின்றோம். சிவபாதத்தார் மட்டும் காலால் ஒரு உந்து உந்தி, கைகளை முன்னே நீட்டி, தானே ஒரு பலகைபோல விறைத்து அதன் முகத்தில் படுத்துவிட்டார். வேட்டியும் மனிதரும் எங்களைத் தாண்டி, முழுகிக்கொண்டிருந்த சனத்தின் நடுவால் வழுவிப் போய், ஒரு ஐயரின் தர்ப்பைக் கட்டுக்கு முன்னால் கரைதட்டினார்கள்.

அரியநாயகத்தார் என் பக்கம் திரும்பினார். "என்ன, சம்பந்தியார் வழுக்கி விழுந்திட்டாரோ?"

கரையில் சறோஜினிதேவி துவாயை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எங்கள் பக்கமே பார்த்தாள். ஆவணிக் கலியாணம் அந்த நிமிஷம் என் வாயில் இருந்தது. வருஷக்கணக்காக எரிந்த வயிறும் என்னிடம்தான் இருந்தது.

"ஓம்," என்றேன். "அலை இழுத்துப் போட்டுது."

அரியநாயகத்தார் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நம்பினாரோ, நம்புவது என்று தீர்மானித்தாரோ தெரியாது. "கவனமாய் நிக்கச் சொல்லும். வயது போகுதெல்லே" என்று சொல்லிவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு தன் தகப்பனுக்காக முழுகப் போனார்.

சிவபாதத்தார் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு திரும்பி வந்தார். திருநீறு போய்விட்டது. மூச்சு வாங்கியது, முகம் கழுவிவைத்த சட்டிபோலப் பளிச்சென்றிருந்தது. என் பக்கத்தில் வந்து நின்று மறுபடியும் வெளிக்கடலைப் பார்த்தார். அங்கே ஒரு கோடு மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது.

"அடுத்தது நல்லது, தம்பி."

"எனக்கு ஏலாது, அண்ணை."

அவர் கண்ணைக் கடலிலிருந்து எடுக்காமலே இரு கை விரிக்கும் அளவு தள்ளி விலகி, தன் பக்கத்தில் எனக்கு இடம் விட்டு நின்றார்.