மார்கிரட்டின் மடியில் இருந்த குண்டு

மார்கிரட் கண்டிக்கு மேலே ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். சுவக்கினைக் கட்டிய பிறகுதான் கண்டிக்கு இறங்கினாள். சுவக்கின் ஒரு மிஷன் கல்லூரியின் விடுதிக் குசினியில் சமையல்காரன். அந்தக் கல்லூரியில் பழைய, அரிய சாமான்களைக் காட்சிக்கு வைக்க நூதனசாலை என்று நீளமான ஓர் அறை இருந்தது. அதைக் கூட்டித் துடைக்கிற வேலை மார்கிரட்டுக்குக் கிடைத்தது.

அவள் சுபாவத்திலேயே பயந்தவள். சாராயத்தில் ஊறும் பாம்புப் போத்தல்களை முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் துடைப்பாள். யானை மண்டையோட்டுக்கு முதுகு காட்டி நிற்க மாட்டாள். கண்டி ராசா காலத்துக் கத்திகள் இருந்த கண்ணாடி அலுமாரியின் பக்கம் போகும்போது சிலுவை போட்டுக்கொள்வாள். அந்த அறையில் அவளுக்குப் பயமே இல்லாத பொருள் ஒன்றுதான். வாசலோரம் நின்ற பீரங்கிக் குண்டு.

1914இல் தொடங்கிய பெரிய யுத்தத்துக்குப் போய்வந்த பழைய மாணவர் ஒருவர் பிரான்சிலிருந்து கப்பலில் கொண்டுவந்து கொடுத்தது அது. ஒரு வயதுப் பிள்ளையின் பாரம் இருக்கும். உடம்பு இரும்பு, மூக்கு பித்தளை. உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள். குசினியிலிருந்து கொஞ்சம் புளி கொண்டுவந்து அந்தப் பித்தளையைத் தேய்த்துப் பளபளக்க வைப்பதில் மார்கிரட்டுக்கு ஒரு சந்தோசம். ஆடிக் காற்று அடிக்கிற காலத்தில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அதைத்தான் முட்டுக் கொடுப்பாள். மகள் டொரதி நடை பழகியதே அதைப் பிடித்துக்கொண்டுதான்.

1932ஆம் ஆண்டு பரிசளிப்பு விழா நெருங்கியபோது அறையைச் சுத்தமாக்கச் சொல்லியிருந்தார்கள். மார்கிரட் தரையில் காலை மடக்கி உட்கார்ந்து, குண்டை மடியில் நிமிர்த்தி வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ வருசமாக அசையாத பித்தளை மூக்கு அன்றைக்கு அவள் கையோடு கொஞ்சம் திரும்பியது. உள்ளே ஏதோ கிலுங்கியது. சாமானை உடைத்துவிட்டோம், ஏச்சு விழப்போகிறது என்று அவள் பதறினாள்.

நூதனசாலைக்குப் பொறுப்பான ராஜலிங்கம் மாஸ்டர் அந்த நேரம் பார்த்து ஒரு விருந்தாளியை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார். வந்தவர் ஹந்தானைத் தோட்டம் ஒன்றை நடத்துகிற வெள்ளைக்காரர், பெரிய துரை. யுத்தத்தில் பீரங்கிப் படையில் இருந்தவர். வாசலிலேயே அவர் கால் நின்றுவிட்டது.

"ஏய், அசையாதே! கீழ வைக்காதே!"

துரை பேசியது தோட்டத்துத் தமிழ். சின்ன வயதில் மலையில் கேட்ட அதே அதட்டல். அவள் கை அப்படியே உறைந்துபோயிற்று.

துரை மண்டியிட்டுக் கிட்டத்தில் வந்து பார்த்தார். தொடவில்லை. பிறகு மாஸ்டரிடம் இங்கிலீசில் வேகமாகப் பேசினார். மாஸ்டரின் முகம் வெளுத்தது.

"மார்கிரட், நான் சொல்லுறதைக் கேளும்," என்றார் மாஸ்டர். "குண்டுக்குள்ள மருந்து இன்னும் கிடக்குது போல. மூக்கு கழண்டு நிக்குது. சரிச்சால் உள்ளுக்குக் கிடக்கிற ஊசி விழுந்திடும். துரை தோட்டத்துத் தேயிலை ஸ்டோருக்குப் போய் அதை இறுக்கிறதுக்குச் சாமான் கொண்டு வாறார். அதுவரைக்கும் இப்பிடியே பிடிச்சுக்கொண்டிரும்."

"வெடிச்சிருமா மாஸ்டர்?"

மாஸ்டர் வெளியே ஓடினார். மணியடிக்கச் சொன்னார். பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடும் சத்தம் கேட்டது. துரையின் கார் இரைந்துகொண்டு மலையேறிப் போனது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. அவள் மட்டும் இருந்தாள். அவள் மூச்சு விட்டால் குண்டும் லேசாக ஏறி இறங்கியது. அதைக் கண்டதும் மூச்சு விடவே பயந்தாள்.

கால் மரத்தது. வேர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. உள்ளங்கையில் புளி ஈரமாக இருந்ததால் பிடி வழுக்குமோ என்ற எண்ணம் வந்தது. வந்த பிறகு போகவில்லை. இறுக்கிப் பிடித்தால் மூக்கு திரும்பிவிடுமோ, தளர்த்தினால் சரிந்துவிடுமோ. ஒண்ணுக்கு முட்டியது. அடக்கமுடியாமல் போய்ச் சேலை நனைந்தபோது வெட்கம்கூட வரவில்லை. அந்த ஈரத்தில் குண்டின் அடி நழுவிவிடுமோ என்றுதான் நெஞ்சு அடித்தது.

வாசலில் ஆள் நிழல் தெரிந்தது. சுவக்கின். அடுப்படியிலிருந்து வெறும் காலோடு ஓடிவந்திருந்தான்.

"கிட்ட வராதீங்க," என்றாள். உதடு மட்டும்தான் அசைந்தது. "டொரதி எங்க?"

"கான்வென்ட்லதான் இருக்கா. ஒண்ணுமில்ல."

"நீங்க போங்க. ரெண்டு பேரும் போயிட்டா அவளுக்கு யாரு இருக்கா?"

சுவக்கின் போகவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தான்.

"செபமாலை சொல்லுவோம்," என்றான். "நான் தொடங்குறேன், நீ மறுமொழி சொல்லு."

அவன் தொடங்கினான். அவளுக்குப் பாதிச் செபம் வரவில்லை. நாளும் சொல்கிற வார்த்தைகள்தான். ஒன்றுகூட நினைவில் இல்லை. வார்த்தையே மறந்துபோன என்னை மாதா எப்படிக் கேட்பாள் என்று நினைத்து முதல் தடவையாக அழுதாள். அழுதால் உடம்பு குலுங்குமே என்று அதையும் விழுங்கினாள். அவள் பங்கையும் சேர்த்துச் சுவக்கினே சொன்னான்.

கார் திரும்பி வந்தபோது அவளுக்கு விரல்கள் இருப்பதே தெரியவில்லை. துரை சட்டையைக் கழற்றிவிட்டுப் பனியனோடு வந்தார். அவர் நெற்றியும் நனைந்திருந்தது. இரும்புப் பிடியொன்றைப் பித்தளையின் மேல் மெதுவாக மாட்டித் திருகி இறுக்கினார். அவள் விரல்களை ஒவ்வொன்றாக அவரே பிரித்தெடுத்தார். பிறகு குண்டைத் தூக்கி, மண் நிரப்பிய தேயிலைப் பெட்டிக்குள் நிற்க வைத்தார்.

"சரி, போ," என்றார்.

அவளால் எழும்ப முடியவில்லை. சுவக்கின் தூக்கிக்கொண்டு போனான்.

அன்று பின்னேரம் ஹந்தானைப் பக்கத்துக் கல்லுடைக்கிற பள்ளத்தில் வைத்து, பாறைக்குப் போடுகிற வெடிமருந்தைக் கட்டித் துரை அதை வெடிக்க வைத்தார். பாறை வெடியைவிட எத்தனையோ மடங்கு பெரிய சத்தம் கண்டி முழுவதும் கேட்டது. குளத்தோரத்துக் காகங்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. வீட்டில் பாயில் கிடந்த மார்கிரட்டுக்கும் கேட்டது. அதுவரை, குண்டுக்குள் மருந்தே இல்லை, துரை பிழையாகச் சொல்லியிருப்பார் என்ற நம்பிக்கையை மனதின் ஓர் ஓரத்தில் அவள் பிடித்துவைத்திருந்தாள். அந்தச் சத்தத்தோடு அது போயிற்று.

உண்மையான பயம் அதற்குப் பிறகுதான் பிடித்தது. மடியில் வைத்திருந்த அந்த நேரத்தைப் பற்றி அவள் அதிகம் நினைக்கவில்லை. அதற்கு முந்தின வருசங்கள்தான் ஒவ்வொன்றாக வந்தன. கதவுக்கு முட்டுக் கொடுத்தது. இடுப்பில் இடுக்கிக்கொண்டு விறாந்தைக்குத் தூக்கிப் போனது. ஒருமுறை சின்ன டொரதி தள்ளிவிட்டு, குண்டு படிகளில் டங்கு டங்கென்று உருண்டு போய்ப் பூப்பாத்தியில் விழுந்தது. சாமான் நெளிந்திருக்குமோ என்று அன்றைக்குப் பிள்ளைக்கு அடித்திருந்தாள். இப்போது அந்தச் சத்தம் காதுக்குள் கேட்டது. ஒவ்வொரு படியிலும் வெடித்தது. பன்னிரண்டு வயது டொரதி பக்கத்தில் உட்கார்ந்து பாடம் படிக்கும்போதே, மார்கிரட் திடீரென்று மகளின் தோளையும் கையையும் தடவிப் பார்ப்பாள்.

"நான் இங்கதானேம்மா இருக்கேன்," என்று டொரதி எரிச்சல்படுவாள்.

மார்கிரட் வேலைக்குப் போகவில்லை. சோறு இறங்கவில்லை. பேய் பிடித்ததோ என்றுகூட அக்கம்பக்கத்தில் பேசினார்கள். அந்தச் சமயத்தில் ராஜலிங்கம் மாஸ்டர் அவர்கள் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் வந்ததில்லை. சுவக்கின் கதிரையைத் துடைத்துப் போட்டான். மாஸ்டர் தேத்தண்ணியை வாங்கி, குடிக்காமல் பக்கத்தில் வைத்தார்.

"எனக்கும் நித்திரை இல்லை, மார்கிரட்," என்றார். "ஒவ்வொரு வருசமும் புதுப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வந்து, பிரம்பாலை அந்த மூக்கிலை தட்டிக் காட்டுவன். பயப்படாதையுங்கோ, உள்ளுக்கு ஒண்டுமில்லாத வெறும் கோதெண்டு சொல்லுவன். சுத்திவர முப்பது பிள்ளையள் நிப்பாங்கள். கண்ணை மூடினால் அந்த முகங்கள்தான் தெரியுது."

மார்கிரட் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். தன்னைப்போல இன்னொருவருக்கும் அது நடந்துகொண்டிருக்கிறது என்று அவள் நினைத்திருக்கவே இல்லை.

"எம்மவ அத படியில உருட்டி விட்டா மாஸ்டர்," என்றாள். சுவக்கினிடம்கூட அதுவரை சொல்லாதது.

"தெரியும். நானும் கண்டனான். சிரிச்சனான்."

எழும்பும்போது மாஸ்டர், "நாளைக்கு வாரும். நான் முதல் உள்ளுக்குப் போறன். நீர் பிறகு வாரும்," என்றார்.

அவள் போனாள். அதன் பிறகு காலையில் மாஸ்டர் முதலில் உள்ளே நுழைந்து யன்னல்களைத் திறப்பார். ஒவ்வொரு அலுமாரியாகப் பார்த்துவிட்டு, "ஓம், வாரும்," என்பார். அப்புறம்தான் மார்கிரட் கூட்டுகிற தும்புத்தடியோடு வாசலைத் தாண்டுவாள். பித்தளைச் சாமான் எதையும் அவள் தொடவில்லை. அதைப் பற்றி மாஸ்டர் கேட்கவும் இல்லை. பயம் விட்டதென்று சொல்ல முடியாது. ஆனால் சோறு இறங்கியது, உறக்கமும் வந்தது.

நாலு வருசம் அப்படிப் போனது. மாஸ்டருக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் வந்தது. அவர் போன மறுநாள் மார்கிரட் வாசல் வரை வந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. புதிதாக வந்த ஆசிரியர் உள்ளேயிருந்து கூப்பிட்டார். ஒவ்வொரு அலுமாரியாகப் பார்த்துவிட்டு ஓம், வாரும் என்கிற மாஸ்டரின் குரல் அது இல்லை. அவள் தும்புத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, நேரே விடுதி மேற்பார்வையாளரிடம் போய், துணி துவைக்கிற வேலை தரச் சொல்லிக் கேட்டாள். கொடுத்தார்கள். அந்த அறைக்குள் அவள் பிறகு போகவே இல்லை.