இடது காதுக் கல்

மீனுக்குக் காது இருக்கிறதா, சொல்லுங்கள் பார்ப்போம்? சிரிக்க வேண்டாம், இருக்கிறது. மண்டைக்குள், வலது இடது இரண்டு பக்கமும், உள்ளே கல்லோடு. மீன் மட்கினாலும் கல் மட்காது. அதன் வடிவத்தை வைத்து எந்த மீன் என்று சொல்லிவிடலாம். சொல்லத் தெரிந்தவராக இருந்தால்.

எங்கள் சிதம்பரம் லேப் புரொபசர் தெரிந்தவர் மாதிரி சொல்வார்.

இந்தி எதிர்ப்புக்காக மூடிய காலேஜ் மறுபடி திறந்த சமயம். குமராட்சிப் பக்கம் போர் போட்டதில் அடி ஆழத்திலிருந்து வந்த களிமண்ணைச் சல்லடையில் கழுவுவதுதான் என் ரிசர்ச். அதில் கடுகளவில் இரண்டு காதுக் கற்கள் கிடைத்தன. ஆழ்கடல் விளக்கு மீனுடையவை. இன்று நெல் விளைகிற இடம் ஒரு காலத்தில் ஆழ்கடல்! ஓடிப்போய்ப் புரொபசரிடம் நீட்டினேன். புரொபசர் லென்ஸை வைத்தார்.

"ஏம்பா, ஒண்ணு இந்தப் பக்கம் வளையுது, இன்னொண்ணு அந்தப் பக்கம் வளையுது பாரு. ரெண்டு புது ஸ்பீஷீஸ்!"

ஒன்றுக்குத் தன் பெயரை வைத்தார். இன்னொன்றுக்கு மாமனார் பெயர். மாமனார் சுத்த சைவம்.

"சார், ஒண்ணு வலது காது, ஒண்ணு இடது காதா இருக்கலாம்ல?"

"எனக்கே பாடம் நடத்துறியா? உன் தீசிஸ்ல நான்தான் கையெழுத்துப் போடணும். வாய மூடிக்கினு படத்த வரை."

படத்தை வரைந்தேன். வாயை மூட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடலூர் முதுநகரில் ஒரு பன்னா மீன் வாங்கினேன். உடம்பு குழம்புக்கு, தலை விஞ்ஞானத்துக்கு. மண்டையை உடைத்து எடுத்த இரண்டு கற்களையும் திங்கட்கிழமை அவர் மேசையில் வைத்தேன்.

"சார், இது என்ன மீனுன்னு பாருங்க."

ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது பன்னா. அது வேற ஜாதி, நம்ம கரையில கெடைக்காது. எங்க புடிச்ச?"

"முதுநகர் மார்க்கெட்ல சார். ரெண்டும் ஒரே மண்டை. குழம்பு ஜோரா இருந்துச்சு."

பக்கத்து மேசை செல்வத்துக்கு டீ புரையேறியது. "மச்சான், அப்போ மாமனாரும் மாப்ளையும் ஒரே மீனாடா?" என்று இருமிக்கொண்டே கேட்டான்.

புரொபசர் சிரிக்கவில்லை. புது மீன்களைப் பற்றி அச்சுக்கு அனுப்ப இருந்த கட்டுரையிலிருந்து என் பெயரை அடித்தார். மீன்களில் ஒன்றைக்கூட அடிக்கவில்லை.

லேபுக்கு வரப்போகும் தம்பிகளே, கல் கிடைத்தால் எந்த மீன் என்பதற்கு முன் எந்தக் காது என்று பாருங்கள். கையெழுத்து வாங்கிய பிறகு வாயைத் திறங்கள்.

கட்டுரை அச்சாகிவிட்டது, இரண்டு மீன்களோடு. நான் இப்போது திருப்பாதிரிப்புலியூரில் ஒரு டுட்டோரியலில் பி.யூ.சி. பையன்களுக்குத் தவளை வரையச் சொல்லிக்கொடுக்கிறேன்.