கேத வீட்டில் கத்திய கார்

என் காரை விற்றுத் தொலைக்க வேண்டும் என்று சொன்னவர் என் வீட்டுக்காரர். அவருக்கு ஓட்டத் தெரியாது. தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்ந்தவர். ஆயுசில் பாதியை வண்டிக்குள் நின்றே கழித்தாரே தவிர, ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.

கார் என்னுடையது. அரிமளத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடச் சீருடை தைத்துப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் பிழைப்பு. துணி மூட்டையோடு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் என்ன பேசுவான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அப்படிப் பேசிய ஒரு மனுஷனோடுதான் குடித்தனம் நடத்துகிறேன். அதனால்தான் ஓட்டக் கற்றுக்கொண்டு ஒரு பழைய காரை வாங்கினேன். நினைத்த நேரத்துக்குக் கிளம்பலாம், ஒருத்தனிடமும் பேச்சு வாங்க வேண்டாம். அதை விடுவதாக இல்லை.

வாங்கியபோது ஒழுங்காகத்தான் இருந்தது. முன்னால் வைத்திருந்தவர் ரிமோட்டும் அலாரமும் தனியாக வாங்கி மாட்டியிருந்தார். பொத்தானை அழுத்தினால் நாலு கதவும் திறக்கும். இன்னொரு பொத்தானை அழுத்தினால் பூட்டும். சில மாதம் போனதும் அதற்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. ரிமோட்டை அழுத்தி, கதவைத் திறந்து, உட்கார்ந்து, சேலையை ஒதுக்கி, பையைப் பக்கத்தில் வைப்பதற்குள் ‘டக்’கென்று நாலு கதவும் பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு உள்ளேயிருந்து வேறு கதவைத் திறந்தால் போச்சு, ஊரே காதைப் பொத்திக்கொள்ளும்படி அலறும்.

ஒருநாள் கடை வாசலில் சாவியை சீட்டில் போட்டு, கதவைச் சாத்திவிட்டு, அடுத்த மூட்டையை எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் பூட்டியிருக்கிறது. சாவி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சொகுசாகப் படுத்திருக்கிறது. அன்றையிலிருந்து இன்னொரு சாவியை ஊக்கில் கோத்துத் தாலிக்கொடியில் மாட்டிக்கொண்டேன். “தாலியில காரைக் கட்டிக்கிட்டுத் திரியிறா” என்று வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிவைத்தார்.

புதுக்கோட்டையில் ஒரு கார் எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனேன். ரிமோட்டில் பேட்டரி மாற்றினார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி போனேன்.

“அக்கா, ரிமோட்ட அமுக்கிட்டுக் கதவத் தொறக்காம நின்னீங்கன்னா அதுவா பூட்டிக்கிரும். மறந்து போயிட்டாக்கூட திருடன் ஏறக் கூடாதுல்ல? அதுக்குத்தான் அப்படி வச்சிருக்கான்.”

“நான்தான் தொறந்து உள்ள உக்காந்திருக்கேனே. நான் திருடியா?”

“தொறந்தா பூட்டாதுக்கா.”

“பூட்டுதுங்கிறேன், பூட்டாதுங்கிறீங்க. உங்க பேச்சக் கேட்டு நடக்க அதுக்குத் தெரியலையே.”

அவர் தலையைச் சொறிந்தார். “வீட்டுல வண்டிய யாருக்கா ஓட்டுறது?”

“நான்தான்.”

“அதான பாத்தேன்” என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கே கிடந்த ஸ்பேனரை எடுத்திருப்பேன். “எதப் பாத்தீங்க? பொம்பளை கைபட்டா பூட்டு கோவிச்சுக்கிருமா?” என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அலாரத்தையே பிடுங்கிப் போட்டுவிடலாம் என்று பின்னாலிருந்து கத்தினார். பல் வலிக்கிறது என்று போனால் தலையை எடுக்கச் சொல்கிற வைத்தியம் எனக்கு வேண்டாம்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அந்தக் கேத வீட்டில் நடந்ததுதான் வினையை இழுத்து வந்தது. வீட்டுக்காரரின் தாய்மாமன் திருமயம் பக்கம் ஒரு கிராமத்தில் இறந்துபோனார். நிறைந்த வயதில் போன கல்யாணச் சாவு. பந்தல், கொட்டு எல்லாம் இருந்தது. காரை நிறுத்திப் பூட்டிவிட்டு இறங்கி நடந்த பிறகுதான், வாங்கி வந்த மாலை பின் சீட்டிலேயே கிடப்பது ஞாபகம் வந்தது. நான் மட்டும் திரும்பி வந்து, ரிமோட்டை அழுத்தி, என் பக்கக் கதவைத் திறந்து உள்ளே ஏறினேன். அதற்குள் ஒரு சொந்தக்காரி வந்து, கார் என்றும் பார்க்காமல், உள்ளே தலையை நுழைத்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினாள். கேத வீட்டில் கட்டிப் பிடித்தவளை உதற முடியாது. நானும் அழுதேன். ‘டக்’ என்ற சத்தம் கேட்டது. அழுகையில் யார் அதைக் கவனிக்கிறார்கள்? அவள் விட்டதும், மாலையை அந்தப் பக்கமாக எடுக்கலாம் என்று பின்னால் கையை நீட்டி, பின் கதவின் பூட்டுக் குமிழைத் தூக்கிக் கதவைத் திறந்தேன்.

அலறியது பாருங்கள்! கொட்டு நின்றது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் பாதி அடியில் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். ரிமோட்டைத் தேடுகிறேன், அது கையிலிருந்து நழுவிப் பின் சீட்டு மாலைக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. வண்டி விடாமல் அழுகிறது. பந்தலுக்குள்ளிருந்து ஒரு பெரிய மனுஷி கேட்டாள்:

“ஏத்தா, அழ ஆளு பத்தலைன்னு காரையும் கூட்டியாந்துட்டியா?”

அவ்வளவுதான். மொத்தக் கூட்டமும் சிரித்துவிட்டது. இறந்தவரின் மகனே துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுக்காரருக்கு மட்டும் வரவில்லை. அரிமளம் திரும்பினோம். வீட்டு வாசலில் இறங்கியதும் சொன்னார்:

“இந்த வண்டி இனிமே வேணாம். மச்சான்கிட்டச் சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழமை வந்து ஓட்டிக்கிட்டுப் போயிருவாரு.”

மச்சான் என்றால் என் பெரிய நாத்தனாரின் வீட்டுக்காரர். எனக்கு அண்ணன் முறை.

“யாரு வண்டிய யாரு விக்கிறது?”

“நாலு பேரு முன்னாடி மானம் போச்சுல்ல?”

“உங்க மானம் அம்புட்டு லேசா? ஹாரன் சத்தத்துக்கே பறந்து போகுது?”

பெரிய சண்டை. கடைசியில், ஞாயிற்றுக்கிழமைக்குள் சரிசெய்தால் வண்டி இருக்கட்டும், இல்லாவிட்டால் நானே சாவியைக் கொடுத்துவிடுகிறேன் என்று வீம்புக்குச் சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லை மாற்றினால் அதையும் ஊரெல்லாம் சொல்வார்.

வெள்ளியும் போய்விட்டது. சனிக்கிழமை சாயங்காலம், பொழுது மங்குகிற நேரத்தில் வாசலில் காரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தையல் மிஷின் நூலை அறுத்தால் முழு மிஷினையும் திட்டிப் பயனில்லை. ஊசியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அதே மாதிரி கதவு கதவாகப் பார்த்தேன். முன் இடது கதவைத் திறந்தேன், கூரையில் உள்ள சின்ன விளக்கு எரிந்தது. சாத்தினேன், அணைந்தது. பின்னால் இரண்டு கதவும் அப்படியே. என் பக்கக் கதவைத் திறந்தேன். எரியவில்லை. மூடித் திறந்தேன். ஆட்டித் திறந்தேன். எரியவே இல்லை.

எலக்ட்ரீஷியன் சொன்னது அப்போதுதான் உறைத்தது. கதவைத் திறக்காமல் நின்றால்தான் பூட்டும். நான் திறந்தது வண்டிக்குத் தெரியவே இல்லை! என் கதவு சாத்தியே கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டு, என்னை உள்ளே வைத்தே பூட்டுகிறது. பிறகு வேறு கதவு திறந்தால் திருடன் என்று கத்துகிறது. பாவம், அதன் மேல் தப்பே இல்லை.

கதவு திறந்திருப்பதை அதற்கு எது சொல்கிறது? மற்றக் கதவுகளைப் பார்த்தேன். கதவு வந்து உட்காரும் தூணில், கீழே, ரப்பர் மூடி போட்ட ஒரு சின்னக் குமிழ் இருந்தது. கதவைச் சாத்தினால் அமுங்கும், திறந்தால் வெளியே வரும். விரலால் அமுக்கிப் பார்த்தேன், விளக்கு அணைந்தது. என் பக்கம் வந்து குனிந்தேன். குமிழைக் காணவில்லை. அந்த இடத்தில் எட்டணா அகலத்துக்குச் சந்தனம் அப்பிக் கிடந்தது. அதன் மேல் குங்குமம். அதன் மேல் மறுபடி சந்தனம். காய்ந்து கல்லாகிப் போயிருந்தது. நகத்தால் கீறினால் நகம்தான் தேய்ந்தது.

“ஏங்க! இங்கிட்டு வாங்க!”

செய்தித்தாளோடு வந்தார்.

“இது என்ன?”

“பொட்டு.”

“யாரு வச்சது?”

“நான்தான். வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை வண்டிக்குப் பொட்டு வைக்கிறது ஒனக்குத் தெரியாதா?”

தெரியும். முன்னால் கண்ணாடிக்கும் நம்பர் பிளேட்டுக்கும் சக்கரத்துக்கும் வைப்பார். அதை நான் கண்டுகொள்வதில்லை.

“இங்க எதுக்கு வச்சீங்க?”

“பஸ்ஸுல மொதப் பொட்டு படிக்கட்டுக்குத்தான். படியில பொட்டு வைக்காம ஒருநாளு டிரிப் எடுத்ததில்ல. கார்ல படி இல்ல. ஏறுற எடத்துல பொட்டு வைக்கன்னே குமிழ் மாதிரி ஒண்ணு வச்சிருந்தான். சரி, கார்க்காரனுக்கும் சாமி பயம் இருக்குன்னு நெனச்சேன்.”

வண்டி கேத வீட்டில் போட்ட சத்தத்தைவிட அதிகமாகவே போட்டேன். பக்கத்து வீட்டுக்காரி கரண்டியோடு வெளியே வந்து நின்று, முழுக்கக் கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். உள்ளே போய்ப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் ஈரத்துணியும் கொண்டுவந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டியிட்டு உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினார். தேய்க்கும்போது வாய்க்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். என்னிடம் இல்லை, சாமியிடம். நான் ஓரத்தில் ஒட்டியிருந்ததைக் கொண்டை ஊசியால் கிளறிவிட்டேன். திடீரென்று குமிழ் துள்ளி வெளியே வந்தது. கூரை விளக்கு எரிந்தது.

“எரியுதுடி!” என்றார், தானே கண்டுபிடித்தவர் மாதிரி.

ரிமோட்டை அழுத்தி, கதவைத் திறந்து, உள்ளே உட்கார்ந்து காத்திருந்தோம். அரை நிமிஷம் போயிற்று. இன்னும் இருந்தோம். பூட்டவில்லை. பின் கதவைத் திறந்தேன். சத்தம் இல்லை. அவர் இறங்கி ஏறி, இறங்கி ஏறிப் பார்த்தார்.

“மச்சான்கிட்ட என்ன சொல்றது?” என்று கேட்டார்.

“நீங்கதான கூப்பிட்டீங்க, நீங்களே சொல்லுங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு பெரிய சம்பங்கி மாலை. வண்டியை எடுக்கும்போது போடுவதற்கு. அவரைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர், கறி வாங்கிவிட்டு வருகிறேன் என்று சைக்கிளில் ஏறி ஓடிவிட்டார். நானே சொன்னேன்.

“வண்டி விக்கலண்ணே. சரியாயிருச்சு.”

“என்ன தங்கச்சி, இப்படிச் சொல்றே? ஒங்க வீட்டுக்காரரு தெனம் மூணு தடவ போன் போட்டு, வாங்க வாங்கன்னு உசுர எடுத்தாரே.”

“அவரு வாங்கன்னுதான சொன்னாரு. வந்துட்டீங்க. சாப்பிட்டுட்டுப் போங்க.”

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கறிக்குழம்பு வந்ததும் கொஞ்சம் இறங்கியது. பொட்டுக் கதையைச் சொன்னதும் புரையேறும்வரை சிரித்தார். என் வீட்டுக்காரர் இலையைவிட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை.

சாப்பிட்டு முடித்ததும், “இந்த மாலைய நான் என்ன செய்ய? திருப்பிக் கொண்டுபோனா ஒங்க நாத்தனா என்னையக் கேலி பேசியே கொன்னுருவா” என்றார்.

“எதுக்கு வாங்கியாந்தீங்களோ அதுக்கே போடுங்க” என்றேன்.

என் காருக்கு என் கண் முன்னால் அவரே மாலை போட்டார். திருமயம்வரை நானே கொண்டுபோய் விட்டேன். தன் வீட்டு வாசலில் இறங்கியவர், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, அவருடைய வயல் வழக்கு, மருமகன் வேலை, முழங்கால் வலி எல்லாம் சொல்லி முடிக்கிறவரை நின்று பேசினார். வண்டி மூச்சு விடவில்லை. கடைசியில் நான்தான் கத்த வேண்டியிருந்தது.

“கதவச் சாத்துங்கண்ணே, நான் போகணும்!”