தாமதமாக ஊதிய சங்கு

பொறாமையால் ஒரு மனிதனின் பிழைப்பைக் கெடுத்தேன். அவன் என் பகையாளி அல்லன், அடுத்த வீட்டுக்காரன். என்னை வாய் நிறைய ‘அண்ணே’ என்று அழைத்தவன். அவன் எனக்குச் செய்த தீங்கு ஒன்றே ஒன்றுதான். வேலை முடிந்ததும் சீக்கிரமாக வீட்டுக்குப் போனான்!

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஒருவன் வீட்டுக்குப் போவதைப் பார்த்தா இன்னொருவனுக்கு வயிறு எரியும் என்று கேட்பீர்கள். எரிந்ததே… எனக்கு எரிந்ததே!

மதுரையில் ஒரு பஞ்சாலையில் எனக்குப் பாய்லர் வேலை. காலையில் நெருப்பைக் கூட்டி நீராவி ஏற்றுவதும், மாலையில் அதை அடக்கிவிட்டு வருவதும் என் பொறுப்பு. சங்கு ஊதுவதும் நானே. நீராவிக் குழாயோடு சேர்ந்து ஒரு சங்கிலி தொங்கும். அதை இழுத்தால் ஆற்றுக்கு அக்கரையில் கோரிப்பாளையம் வரைக்கும் கேட்கும். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் யார் வீட்டில் கடிகாரம் இருந்தது? உலை வைப்பதும் விளக்கு ஏற்றுவதும் என் சங்கைக் கேட்டுத்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

சோணைமுத்து அதே ஆலையில் நூற்கும் மெஷின் ஓட்டினான். அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அவனுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு ஒரே மகள், வள்ளி. அப்போது அவளுக்கு ஐந்து வயது இருக்கும்.

முப்பதுகளின் நடுவில் ஆலைகளுக்குப் புதுச் சட்டம் வந்தது. பதினோரு மணி நேர வேலை பத்தாகக் குறைந்தது. ஆலை வாசலில் மிட்டாய் வாங்கி ஒருவர் வாயில் ஒருவர் ஊட்டினார்கள். நானும் ஒன்றை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு சிரித்தேன். மறுநாள்தான் இன்ஜினியர் சொன்னார், பாய்லர்காரனுக்கு அது பொருந்தாதாம். எல்லாருக்கும் முன்னால் வந்து நெருப்பு மூட்ட ஒருவன் வேண்டும்; எல்லாரும் போன பிறகு நெருப்பை அடக்கவும் ஒருவன் வேண்டும். அந்த ஒருவன் நான்.

நினைத்துப் பாருங்கள்! அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பும் சங்கு என் கையில். நான் மட்டும் வீட்டுக்குப் போக முடியாது. விடிவதற்கு முன்பே கிளம்புவேன்; வள்ளி உறங்கிக்கொண்டிருப்பாள். திரும்பி வரும்போதும் உறங்கிக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமையாவது உண்டா என்றால், அன்றைக்குத்தான் பாய்லரைக் கழுவிச் சுரண்ட வேண்டும்.

சோணைமுத்துவுக்குக் கிடைத்த அந்த ஒரு மணி நேரத்தை அவன் என்ன செய்தான் தெரியுமா? சாராயக் கடைக்குப் போயிருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன். சீட்டாடியிருந்தால் அவனுக்கு அறிவுரை சொல்லிப் பெரிய மனிதனாகியிருப்பேன். அவனோ என் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வைகைக்குப் போனான். காய்ந்த மணலில் சிரட்டையால் ஊற்றுத் தோண்டிக் கொடுத்தான். கலங்கல் தெளிந்ததும் அவள் சொம்பில் மொண்டு வருவாளாம்.

இதையெல்லாம் என் மனைவி பாக்கியம் எனக்குச் சோறு போடும்போது சொல்லுவாள். “ஊத்துத் தண்ணிய இடுப்புல வச்சுக்கிட்டு அது நடந்து வந்த அழக நீங்க பாக்கணுமே” என்பாள். நான் எப்படிப் பார்ப்பேன்? அவள் வெள்ளந்தியாகத்தான் சொன்னாள். நான்தான் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினேன்.

ஒரு நாள் காய்ச்சலில் வீட்டில் கிடந்தேன். ஆலையில் வேறொருவன் என் வேலையைப் பார்த்தான். வள்ளி என் தலைமாட்டில் உட்கார்ந்து ஈரத்துணியை வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தாள். ஆகா, என் மகள் என் பக்கத்தில் என்று கண்ணை மூடிக் கிடந்தேன். சங்கு ஊதியது. துணியை என் நெற்றியிலேயே விட்டுவிட்டு எழுந்து ஓடினாள்.

எங்கே ஓடுகிறாய் என்று கேட்டேன்.

“சங்கு ஊதிருச்சுல்லப்பா. சித்தப்பா வருவாக.”

எழுந்து வாசலுக்குத் தள்ளாடிப் போய்ப் பார்த்தேன். சந்து முனையில் நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்து, ‘ஊ…’ என்று சங்கைப் போலவே ஊதினாள். அவள் ஊதி முடிப்பதற்கும் அவன் சந்துக்குள் திரும்புவதற்கும் சரியாக இருந்தது. அவர்களுக்குள் அது ஒரு விளையாட்டு. ஓடிப் போய் அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நாள்தோறும் சங்கிலியை இழுத்து என் மகளை அவனிடம் ஓடச் செய்பவன் நானே! அவனைப் பெற்றவனாகவும் என்னை வேலைக்காரனாகவும் ஆக்கியது என் கையே!

பிள்ளை இல்லாத ஒருவன் அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கொஞ்சுகிறான், இதில் என்ன தவறு என்று அறிவு கேட்டது. கேட்கத்தான் செய்தது. யார் காதில் வாங்கினார்கள்?

காய்ச்சல் விட்டு வேலைக்குத் திரும்பிய சில நாளில், மாலையில் சங்கிலியைப் பிடித்தபடி நின்றேன். சுவர்க் கடிகாரத்தில் முள் வர வேண்டிய இடத்துக்கு வந்தது. நான் இழுக்கவில்லை. முள் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்… அந்தச் சில நிமிடங்கள் எவ்வளவு இனித்தன! ஹாலுக்குள் அவன் இன்னும் அறுந்த நூலை முடிந்துகொண்டிருக்கிறான். சந்து முனையில் அவனுக்காக யாரும் ஓடவில்லை. பிறகு இழுத்தேன்.

அது கார்த்திகை மாதம். பகல் குறுகிக்கொண்டிருந்தது. நான் பிடித்துவைத்த கொஞ்ச நேரமே அவனுடைய வெளிச்சத்தைத் தின்னப் போதுமாக இருந்தது. “இப்பல்லாம் அவுக வாரதுக்குள்ள இருட்டிருது. ஆத்துக்குப் போறதே இல்ல” என்று பாக்கியம் சொன்ன இரவில், மறுசோறு கேட்டு வாங்கித் தின்றேன். என் மகளின் விளையாட்டும் அதோடு போயிற்றே என்று இந்தப் பாவிக்குத் தோன்றியதா? தோன்றவில்லை.

ஹாலில் சிலர் முணுமுணுத்தார்கள், சங்கு பிந்துகிறது என்று. சோணைமுத்துதான் அவர்களை அடக்கினானாம். அண்ணன் கை ஒரு நாளும் தப்பாது, நமக்குத்தான் வீட்டு நினைப்பில் பொழுது போகவில்லை என்றானாம். இதையும் ஒருவர் என்னிடம் வந்து பெருமையாகச் சொன்னார். அப்போதாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும் அல்லவா? இல்லை. எனக்கு நற்சான்று கொடுக்க இவன் யார் என்று இன்னும் கோபம் வந்தது.

பிறகு தைத் தெப்பம் வந்தது.

வேலை முடிந்ததும் வள்ளியைத் தெப்பக்குளத்துக்குக் கூட்டிப் போவதாக அவன் வாக்குக் கொடுத்திருந்தான். அதிகாலையில் நான் கிளம்பும்போது, உறங்கும் பிள்ளையின் தலைமாட்டில் புதுப் பாவாடை மடித்து வைத்திருந்தது. அவன் மனைவி தைத்துக் கொடுத்ததாம். என் மகள் தெப்பத்தை முதன்முதலில் யார் தோளில் இருந்து பார்க்கப் போகிறாள்? அந்தக் கேள்வியோடுதான் அன்று முழுவதும் கரி அள்ளிப் போட்டேன்.

மாலையில் கடிகார முள் தாண்டியது. இழுக்கவில்லை. இன்னும் தாண்டியது… நிற்கட்டும் என்றேன். கூட்டம் சேர்ந்து குளக்கரை அடைபட்டுப்போகட்டும்! என் பிள்ளைக்கு நான் காட்டாததை அவனும் காட்ட வேண்டாம்!

ஆலைக்குப் பின்னால் ரயில் பாதை. சோழவந்தான் பக்கம் போகும் பாசஞ்சர், சங்கு ஊதி வெகு நேரம் ஆன பிறகுதான் கடந்து போகும். அன்று சங்குக்கு முன்னால் ரயில் போயிற்று.

ஹாலுக்குள் மெஷின் இரைச்சலில் சில சமயம் சங்கே காதில் விழாது. ஜன்னலில் ரயில் புகையைக் கண்ட சோணைமுத்து, சங்கு ஊதியது தனக்குத்தான் கேட்கவில்லை என்று எண்ணினான். பெல்ட்டைத் தள்ளி மெஷினை நிறுத்தினான். அவனைப் பார்த்துப் பக்கத்து ஆள் நிறுத்தினான். அவனைப் பார்த்து அடுத்தவன். பாய்லர் அறையில் நின்ற எனக்கு ஹாலின் இரைச்சல் இறங்குவது கேட்டது. பதறிப்போய்ச் சங்கிலியை இழுத்தேன். அதற்குள் ஒரு வரிசையே ஓய்ந்திருந்தது.

அப்போது ஆலைகளில் வேலைநிறுத்தப் பேச்சாக இருந்த காலம். சங்குக்கு முன்னால் மெஷினை நிறுத்தினால் அதற்கு ஒரே அர்த்தந்தான். முதலில் நிறுத்தியவன்தான் தூண்டியவன். மேனேஜர் அறைக்கு அவனைக் கூட்டிப் போனார்கள். என்னையும் வரச் சொன்னார்கள்.

அவன் கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றான். “ரயிலு போயிருச்சுங்க. சங்கு எனக்குத்தான் கேக்கலன்னு நெனச்சேன். வேணும்னா அண்ணனக் கேளுங்க. அவுக சொன்னா சரி” என்றான்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். சங்கு நேரத்துக்குத்தானே ஊதினாய் என்று கேட்டார்.

நான் ஒரு சொல் சொன்னால் போதும். கை பிந்திவிட்டது ஐயா என்றால் போதும். எனக்குத் திட்டு விழும், அபராதம் விழும்; அவன் பிழைப்பான். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். துளிக்கூடப் பயம் இல்லாமல் நின்றான்.

“நேரத்துக்குத்தாங்க ஊதுனேன்.”

அவன் கண்ணில் சந்தேகத்தைத் தேடினேன். இருந்திருந்தால் எனக்கு இன்று கொஞ்சம் லேசாக இருக்கும். இல்லை! அப்படியானால் தவறு தன்னுடையதுதான் என்று தலையைக் குனிந்துகொண்டான். அன்றோடு அவன் வேலை போயிற்று.

வேறு ஆலைகளிலும் அவனைச் சேர்க்கவில்லை. பெயர் கெட்டுவிட்டது. மனைவியின் ஊரான சோழவந்தானுக்குப் போய்க் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் கூலியானான். அங்கே சட்டமும் இல்லை, சங்கும் இல்லை. விடிந்ததிலிருந்து பொழுது அடையும் வரை வேலை. போகும்போது ஊற்றுத் தோண்டும் சிரட்டையை வள்ளி கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

சில வாரம் கழித்து மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். பாய்லருக்கு இன்னொரு ஆள் போடுவதாகவும், இனி நானும் சங்கு ஊதியதும் வீட்டுக்குப் போகலாம் என்றும் சொன்னார். சொல்லிவிட்டுத் தம் பைக்கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, லேசாகச் சிரித்து, திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவருக்குத் தெரிந்திருந்தது! அத்தனை நாளும் நான் பிந்தியது அவருக்குத் தெரிந்திருந்தது. நான் பிடித்துவைத்த நிமிடங்களில் அவருக்குத்தானே நூல் ஓடியது!

இப்படித்தான் அந்த ஒரு மணி நேரம் எனக்குக் கிடைத்தது.

முதல் நாள் மாலை சங்கிலியை இழுத்துவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்தேன். சந்து முனையில் வள்ளி நின்றாள். கையைக் குவித்து ‘ஊ…’ என்று ஊதினாள். நான் சந்துக்குள் திரும்பி அவள் எதிரே வந்து நின்றேன். என்னைப் பார்த்தாள். பிறகு எட்டி எனக்குப் பின்னால் பார்த்தாள். ஆற்றுக்குப் போவோமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு மறுபடியும் ஊதினாள்.

வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது வேலை நேரம் இன்னும் குறைந்து ஒன்பது மணி நேரமாகிவிட்டது. போன ஆவணியில் வள்ளிக்குக் கல்யாணம் நடந்தது. முதல் வெற்றிலை பாக்கு சித்தப்பாவுக்குத்தான் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். சோணைமுத்து வந்தான். தலை நரைத்து, முதுகு வளைந்து, ஒரு கட்டு வெற்றிலையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான்.

பந்தல் ஓரத்தில் என்னைத் தனியே நிறுத்தினான். “இத்தன வருசமா மனசு கேக்கலண்ணே. அன்னைக்கு என் அவசரத்துல உங்களயும் மேனேஜர் முன்னால கொண்டுபோயி நிப்பாட்டிட்டேன். ரயிலு முந்தி வந்துருக்கும்போல. மன்னிச்சுக்கங்க” என்றான்.

என்னிடம்… அவன் மன்னிப்புக் கேட்டான்!

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். உண்மையாகவே எடுத்தேன். அதற்குள் வள்ளி மணக்கோலத்தில் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “பந்தி போட்டாச்சு சித்தப்பா. நீங்க எம்பக்கத்துல உக்காந்துதான் சாப்புடணும்” என்று அவனை இழுத்துக்கொண்டு போனாள். என்னைக் கூப்பிடவில்லை.

வயிறு எரிந்தது. அப்போதும் எரிந்தது! வாயை மூடிக்கொண்டேன்.