ரேவதியோட முட்டியும் முனிரத்தினத்தோட மொக்கும்

எங்க பிசியோதெரபி தொழில்ல, வலி எங்கன்னு கேட்டா ஒரு நிமிசத்துல காட்டிடுவாங்க. எப்டி வந்துச்சுன்னு சொல்லத்தான் ஒரு மணி நேரம் எடுத்துக்குவாங்க. நான் அதுக்கு மேல. கேட்டுக்கினு சும்மா இருக்கமாட்டேன், பதிலுக்கு எங்கதை ஒண்ணு சொல்லுவேன். அறுபத்தாறு வயசாச்சு, பேரப்புள்ளைங்க மூணு பேரு என்னை ஆயான்னு கூப்பிடறாங்க, இன்னும் சித்தூர்ல கிளினிக்க தொறந்து வெச்சிக்கினு கீறேன்னா பாதி இந்த வாய்க்காகத்தான். மாடிப்படி ஏறும்போது கைப்பிடிய இறுக்கிப் புடிக்கற முட்டிவலிக்காரங்களே, இது உங்களுக்கு. கால நீட்டி ஒக்காந்து படிங்க.

தக்காளி

ரேவதி இங்க ஒரு காலேஜ்ல லைப்ரரியன். முப்பத்தெட்டு வயசு. அவளுக்கு ஒரு ஆசை. ஒரே நாள்ல கடல்ல ரெண்டு கிலோமீட்டர் நீந்தணும், ஈரத்தோட ஏறி தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கணும், அப்டியே எறங்கி இருபத்தொரு கிலோமீட்டர் ஓடணும். ட்ரையத்லான்னு பேராம். யாரும் தொரத்தாம இருக்கச்சயே இப்டி ஓடுவாங்களான்னு எனக்கு ஆச்சரியம். குறிச்ச நேரத்துக்குள்ள முடிக்கலன்னா மெடல் கெடையாது.

விடியக்காலம் பலமனேர் ரோட்ல சைக்கிள் பழகிக்கினு இருந்தவ, ஒரு திருப்பத்துல, லாரிலேர்ந்து கொட்டிக் கெடந்த தக்காளில சக்கரம் வழுக்கி வுழுந்துட்டா. வலது முட்டிச் சில்லுல கீறல். ஆறு வாரம் பட்டை போட்டு வெச்சிட்டு எங்கிட்ட அனுப்புனாங்க. பந்தயத்துக்கு அஞ்சு மாசம் இருந்துச்சு. "அடுத்த வருசம் ஓடேம்மா"ன்னேன். பையன் பரீட்சை, மாமனார் ஆபரேசன், நாத்தனார் கல்யாணம்னு நாலு வருசமா அடுத்த வருசம், அடுத்த வருசம்னு சொல்லியாச்சாம். இந்த வருசம் வுட்டா இனிமே கேக்கவே மாட்டேன்னு வீட்ல சொல்லிட்டு வந்துருக்கா. இதச் சொல்லும்போது அவ அழல. வுழுந்த அன்னிக்கு அழுதியாடீன்னு கேட்டேன்.

"எது ரத்தம், எது தக்காளின்னு எனக்கே தெரியல டாக்டரம்மா. ரோட்டோரத்துல ஒக்காந்து ரெண்டையும் கழுவிப் பாத்துட்டு அப்பறந்தான் அழ ஆரம்பிச்சேன்."

பத்துன்னா நூறு

முட்டிக்கு அடில துண்ட சுருட்டி வெச்சி, கீழ அழுத்தி, அஞ்சு எண்ணி வுடணும். காலைல பத்து, மத்தியானம் பத்து, சாயங்காலம் பத்து. இது பெரிய வித்தை ஒண்ணும் கெடையாது. ஆனா யாரும் ஒழுங்கா பண்ண மாட்டாங்க. பாகாலா ஊர்லேர்ந்து ஒரு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் வருவாரு, கூடவே பை நெறைய கொய்யாப்பழம். அந்தக் கொய்யாவ பத்தி தனியா ஒரு நாள் பேசலாம். ஒரு மாசம் தவறாம பண்ணேன்னு சத்தியம் பண்றாரு, ஆனா கால்ல சதையே ஏறல. பண்ணிக் காட்டுங்கன்னேன். எடது கால நீட்டுறாரு. வலி வலது கால்ல. "வலது கால்ல பண்ணா வலிக்குதும்மா, அதான்"ங்கறாரு.

ரேவதி அதுக்கு நேரெதிர். பத்துன்னு சொன்னா நூறு பண்ணுவா, பத்துதான் பண்ணேன்னு பொய் சொல்லுவா. முட்டி காட்டிக்குடுத்துடும், பூரி மாதிரி உப்பிக்கினு வந்து நிப்பா. மறுபடி ஐஸ், மறுபடி ரெண்டு நாள் ரெஸ்ட். எங்கிட்ட இருபது வருசமா வேலை செய்யற தனம் இத்தெல்லாம் பாத்துக்கினே ஐஸ் பைய கட்டுனா.

"அந்த போஸ்ட்மாஸ்டரையும் இந்தம்மாவையும் கூட்டி ரெண்டால வகுத்தா, நமக்கு ஒரு நல்ல பேஷண்ட் கெடைப்பாங்கம்மா."

கெணத்து நீச்சல்

எலும்பு கூடுனதும் நீச்சலுக்கு மட்டும் சரின்னேன், அதுவும் கைய மட்டும் வெச்சி. நீச்சல் கொளத்துக்கு திருப்பதி போயி வரணும், அரை நாள் போயிடும். அதனால புத்தூர் பக்கம் அவ நைனா நெலத்துல கீற கெணத்துல எறங்கிட்டா. தொடைக்கு நடுவுல காலி தண்ணி பாட்டில் ஒண்ணு, கால் மெதக்கறதுக்கு. ஒரு சுத்து முப்பது மீட்டர். ரெண்டு கிலோமீட்டருக்கு அறுபத்தேழு சுத்து.

எப்டி நீந்தறான்னு பாக்க நானும் ஒரு ஞாயித்துக்கெழம சாயங்காலம் போனேன். அவ நைனா மேல ஒக்காந்து எண்ணணும். ஒரு சுத்துக்கு ஒரு வேர்க்கடலை எடுத்து தனியா வெக்கறதா ஏற்பாடு. நானும் அவரும் மழை, மாட்டுத் தீவனம், மருமவன்னு பேச ஆரம்பிச்சோம். பேச்சு ருசில அவரு வெச்ச கடலைய அவரே எடுத்து துன்னுட்டாரு. பொய் சொல்லுவானேன், நானும் நாலு துன்னேன். கீழேர்ந்து "எத்தினி ஆச்சு நைனா?"ன்னு கொரல் வருது. பாத்தா ஏழு கடலை கீது. அந்த நேரம் பாத்து மோட்டார் ரூம்ல வெளக்கு எரிஞ்சிது, நைனா எழுந்து நின்னுட்டாரு.

"மேல வந்துடு தாயி, த்ரீ பேஸ் கரண்ட் வந்துட்ச்சு. நீ நீந்தற தண்ணியத்தான் கடலைக்கு பாய்ச்சணும்."

மொக்கு

பந்தயத்துக்கு மூணு வாரம் இருக்கச்சே முட்டி நல்லா மடங்குச்சு. பதினஞ்சு கிலோமீட்டர் ஓடியும் வீங்கல. "போ தாயி, ஓடு"ன்னு சொல்லிட்டேன். அவ சந்தோசப்படாம தரையப் பாத்துக்கினு இருந்தா. கூட வந்த அவ வூட்டுக்காரரு முனிரத்தினம், பால் வண்டி ஓட்டறவரு, ரொம்ப நல்ல மனுசன், முகம் மலர்ந்து "அப்ப சனிக்கெழம மலைக்குப் போயி மொக்கு தீத்துடறோம்"னாரு.

எங்க பக்கம் சாமிக்கு வெக்கற வேண்டுதலுக்கு மொக்குன்னு பேரு. இன்னா மொக்குன்னேன். வுழுந்த அன்னிக்கு ஆஸ்பத்திரி வராண்டால நின்னுக்கினு வேண்டிக்கினாராம்: பொண்டாட்டி முட்டி நல்லாயிட்டா, திருமலை நடைபாதைல மோகாள்ள மெட்டுன்னு செங்குத்தா படிங்க வருமே, அத்த அவ முட்டி போட்டே ஏறுவான்னு. நாலு மாசத்துக்கு மேல தடவித் தடவி கூட வெச்ச சில்ல கருங்கல்லு மேல ஊனி ஏறுனா, பந்தயம் அங்கயே முடிஞ்சிது. ஏம்பா, தேங்கா ஒடைக்கறேன்னு வேண்டிக்கக் கூடாதான்னேன்.

"முட்டி போனதுக்கு முட்டிதானே டாக்டரம்மா மொறை? தேங்கா ஒடைஞ்சிருந்தா தேங்கா வேண்டிக்கினு இருப்பேன்."

தனம் கேட்ட கேள்வி

நான் மிஷன் சபைல பொறந்து வளந்தவ. சபைலயே முட்டி போட முடியாம சேர்ல ஒக்காந்து செபம் பண்றவ. நானு எந்த வாயால அடுத்தவங்க சாமிக்கு வெச்ச மொக்க தீக்காதேன்னு சொல்லுவேன்? ரேவதியும், "சொன்ன வார்த்த டாக்டரம்மா. தீக்காம கடல்ல கால் வெக்க எனக்கு தைரியம் இல்ல"ன்னா. கண்ணு கலங்கிட்ச்சு. அந்த முட்டிய பஞ்சு வெச்சி கட்டி அனுப்பலாமான்னு கூட யோசிச்சேன்.

தனம் ஒத்தடப் பைய கீழ வெச்சிட்டு முனிரத்தினத்த பாத்தா. "வேண்டிக்கும்போது இந்தம்மா பக்கத்துல இருந்துச்சா?" "எக்ஸ்ரே ரூம்ல இருந்தா." "அதுகிட்ட கேட்டியா?" "எங்க கேக்கறது, அவசரத்துல..." அவரு முடிக்கறதுக்குள்ள தனம் பேசிட்டா.

"வருசம் தப்பாம மலையேறறவ சொல்றேன் கேட்டுக்க தம்பி. தொறந்தது ஒன் வாயி, போட வேண்டியது ஒன் முட்டி. பொண்டாட்டி முட்டி இன்னா ஒன் பூர்வீகச் சொத்தா, நீ எழுதிக் குடுக்க?"

பக்கத்துக் கட்டில்

சனிக்கெழம முனிரத்தினம் முட்டி போட்டு ஏறுனாரு. ரேவதி பஸ்ல போயி மேல நின்னா. பாதில ரெண்டு கெழவிங்க இவர தாண்டி முட்டி போட்டே போனாங்களாம், "ஏம் நாயனா, வண்டி நின்னு போச்சா?"ன்னு கேட்டுக்கினே. திங்கக்கெழம காலைல ரெண்டு முட்டியும் மசால் போண்டா மாதிரி கிளினிக்குக்கு வந்துட்டாரு. ஒரு கட்டில்ல ரேவதி, பக்கத்துக் கட்டில்ல அவரு. நான் லேசா அழுத்துனதுக்கே "அம்மா"ன்னு கத்துறாரு. ரேவதி திரும்பிப் பாத்தா.

"அஞ்சு மாசமா 'கொஞ்சம் பொறுத்துக்கோ, கொஞ்சம் பொறுத்துக்கோ'ன்னு சொன்னீங்களே, அந்தக் கொஞ்சம் எவ்ளோன்னு இப்ப தெரியுதா?"

பந்தயம்

பந்தயத்தன்னிக்கு ஞாயித்துக்கெழம. நான் சபைல ஒக்காந்துக்கினு கீறேன், மனசு கடலோரத்துல. மத்தியானத்துக்கு மேல, நான் வூட்டுக்கு வந்தப்பறம், முனிரத்தினம் போன் பண்ணாரு. நீச்சல் முடிஞ்சிது, சைக்கிள் முடிஞ்சிது, ஓட்டத்துல கடைசி ஒரு கிலோமீட்டர், அவ நடக்கறாளாம், நேரம் இருபத்தொரு நிமிசம் கீதாம். முட்டியான்னேன். முட்டி இல்ல, கெண்டைக்கால் புடிச்சிக்கிச்சாம். நான் போனு வழியாவே "குதிகால ஊனி நடக்கச் சொல்லு, தண்ணில உப்பு போட்டுக் குடு"ன்னு கத்துனேன். எங்க தெருவே எட்டிப் பாத்துது. அப்பறம் ஒரே எரைச்சல், விசிலு, கைத்தட்டு. நாலு நிமிசம் மிச்சம் இருக்கச்சே கோட்ட தாண்டிட்டா.

போன்ல ரேவதி மூச்சு வாங்கறது கேட்டுது. நானும் மூக்க தொடைச்சிக்கினு, "யாரு பேர்லய்யா வேண்டிக்கின, கடைசில?"ன்னு அவர வம்புக்கு இழுத்தேன்.

"இந்தத் தடவ என் தலைய மொட்டை அடிச்சிக்கறதா வேண்டிக்கினேன் டாக்டரம்மா, அது ரெண்டு மாசத்துல வளந்துடும்."

முப்பத்தெட்டு வருசம் முட்டிய புடிச்சிப் பாத்ததுல எனக்குத் தெரிஞ்சது இவ்ளோதான்: ஒடைஞ்ச சில்லு ஆறு வாரத்துல கூடிடும், பக்கத்துல நிக்கறவங்க பதட்டம் அடங்கத்தான் அஞ்சு மாசம் புடிக்குது.