கழுவி வைத்த பாட்டில்கள்

கடலூரில் நான் பிரஷர் மாத்திரை வாங்குகிற அரசு மருத்துவமனையில் டோக்கன் மெஷின் வைத்துவிட்டார்கள். ஒரு பெண் குரல் எண்களைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. என் எண் நாற்பத்தேழு. உட்கார நாற்காலி, தலைக்கு மேலே மின்விசிறி, துடைத்த தரையில் பினாயில் வாசனை. அந்த வாசனை வந்தால் எனக்குக் குமராட்சிதான் ஞாபகம் வரும்.

அங்கே பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராகச் சேர்ந்தபோது எனக்கு வேலை தெரியாது, சுத்தம் மட்டும் ஜாஸ்தி. டாக்டர் பணியிடம் காலி. சிதம்பரத்திலிருந்து ஒருவர் செவ்வாயும் வெள்ளியும் மினிபஸ்ஸில் வந்து, பன்னிரண்டு மணி வண்டிக்குக் கிளம்பிவிடுவார். மற்ற நாட்களுக்கெல்லாம் ஸ்டெல்லா சிஸ்டர் ஒருத்திதான்.

இருமல் மருந்தைப் பெரிய ஜாடியிலிருந்து ஊற்றிக் கொடுப்போம். பாட்டில் அவரவர் கொண்டுவர வேண்டும். என் முதல் செவ்வாய்க்கிழமை காலையில் போனால், வராந்தாவில் ஆளே இல்லை. எண்ணெய் பாட்டில், பிராந்தி பாட்டில் என்று முப்பது பாட்டில்கள் மட்டும் நின்றன. மருந்து ஊற்றுகிற பாட்டில் இப்படியா பிசுக்காக இருக்கும்? அத்தனையையும் வெந்நீரில் கழுவி, வராந்தாவைப் பினாயில் போட்டுத் துடைத்து, உயரவாரியாக அழகாக அடுக்கிவைத்தேன். ரொம்பப் பெருமையாக இருந்தது.

மினிபஸ் ஹாரன் கேட்டதும் நடவு வயலிலிருந்து சேற்றுக் காலோடு ஓடிவந்தார்கள். ஒரே கூச்சல்.

"அதான் சார் இங்க கியூவே! அதப்போயி கலச்சுட்டீங்களே!" என்று சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டாள்.

பன்னிரண்டுக்குள் முப்பது பேரையும் பார்க்க முடியாது. கடைசியில் மாட்டுகிறவர்கள் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டும்.

அப்போது கோவிந்தன் என்ற பெரியவர் தன் பிராந்தி பாட்டிலை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். முதல் இடத்தைப் பிடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"எனக்கு முன்னால அஞ்சல பாட்டிலு. புள்ளைக்கு மூணு நாளா காய்ச்சலு, தூக்கியாரப் போயிருக்கு. அதோடத மொதல்ல வையிங்க" என்றார்.

"மாமாவுக்குப் பின்னால நானு."

"எனக்கு முன்னாடி இந்தப் பச்ச பாட்டிலு."

ஐந்தே நிமிடத்தில் வரிசை பழையபடி நின்றுவிட்டது. தன் இடத்தைவிட, தனக்கு முன்னால் யார் என்பதுதான் எல்லாருக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது.

அஞ்சலை குழந்தையோடு மூச்சிரைக்க ஓடிவந்தாள். நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. நேரே டாக்டரிடம் போனாள். மருந்து வாங்க வந்தபோதுதான் பாட்டிலை மோந்து பார்த்து, "ஏன் சார், இது என் பாட்டிலுதானா? எண்ண வாசனையே இல்லியே!" என்றாள். அடுத்த வாரம் அந்தக் குழந்தை அவள் இடுப்பில் இருந்தபடி என் பேனாவைப் பிடுங்கியது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

இப்போது இங்கே டாக்டர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள், மருந்தும் சீல் வைத்த பாட்டிலில் வருகிறது. குறை சொன்னால் என் வாய்தான் அழுகும். இந்த நினைப்பிலேயே கண்ணசந்துவிட்டேன். விழித்தபோது மெஷின் ஐம்பத்திரண்டு என்றது.

பக்கத்து நாற்காலிக்காரரிடம், "நாப்பத்தேழு கூப்ட்டாங்களா?" என்று கேட்டேன்.

"தெரியலியே சார். என்னுது அறுவத்தொண்ணு" என்றார்.