கதவோடு வந்த கீல்காரம்மா

யார் வீட்டுக்குப் போனாலும் கீல்காரம்மா உடனே உள்ளே நுழைவதில்லை. வாசல் கதவை மூன்று தடவை திறந்து மூடிக் காதைச் சாய்த்துக் கேட்பார். "வெளிநாட்டுச் சரக்கு. சத்தமே சொல்லுது" என்று முகத்தைச் சுளித்துவிட்டு, அப்புறம்தான் "நல்லா இருக்கீங்களா?" என்பார். துக்க வீட்டிலும் இதே கதைதான்.

அவருடைய பட்டறையில் பதினொரு பெண்கள் கதவுக் கீல் செய்கிறார்கள். இரும்புத் தகட்டின் விலைக்கே வெளிநாட்டுக் கீல் கடைக்கு வந்து குவிந்ததும், அவர்களுக்கு வாரம் மூன்று நாள்தான் வேலை என்றாகிவிட்டது. அந்த வயிற்றெரிச்சல் போதாதென்று, தச்சு வேலை செய்யும் சொந்தக் கொழுந்தனே அந்தக் கீலைத்தான் வாங்கினார். "பாசம் வேற, கட்டுபடி வேற அண்ணி" என்றார். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது.

கீல்காரம்மா வணிகத் துறைக்கு மனுப் போட்டார். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். வெளிநாட்டுக் கீல் பூட்டிய ஒரு சின்னக் கதவைச் சட்டத்தோடு தூக்கிக்கொண்டு போய் நின்றார்.

"பாருங்க சார், நூறு தடவைகூடத் தாங்காது."

திறந்தார், மூடினார். நூறு ஆயிற்று, இருநூறும் ஆயிற்று. கீல் அசைந்து கொடுக்கவில்லை. அவருடைய தோள்பட்டைதான் கழன்றுவிடும்போல் இருந்தது.

"உட்காருங்கம்மா" என்றார் அதிகாரி. "தரம் இங்க பிரச்சினையே இல்ல. அவங்க நாட்டுல விக்கிறதைவிடக் குறைச்ச விலைக்கு இங்க கொண்டுவந்து கொட்டி, உங்க தொழிலைக் கெடுக்கிறாங்கன்னு தெரிஞ்சாத்தான் வரி போடலாம்."

அந்த ஊர் விலைக்குக் கீல்காரம்மா எங்கே போவார்? எதிரே உட்கார்ந்திருந்த இறக்குமதிக்காரரின் வக்கீலுக்கோ, கீல் தாங்கிய சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"எங்க கீலோட தரத்தைப் பத்தி யாரும் மூச்சு விட முடியாது சார்! அவங்க நாட்டுல இதையே ரெண்டு மடங்கு விலை குடுத்து வாங்குறாங்க. பில்லே இருக்கு!"

இறக்குமதிக்காரர் வக்கீலின் கோட்டைப் பிடித்து இழுப்பதற்குள் பில் அதிகாரியின் கைக்குப் போய்விட்டது. அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார்.

எல்லாவற்றையும் அலசி ஆராய்ந்து ஏழு மாதம் கழித்து வரி வந்தது. பட்டறையில் மறுபடி ஆறு நாளும் வேலை. கொழுந்தனும் ஒரு நாள் பையோடு வந்து, தரையைப் பார்த்தபடி நின்றார்.

"நாப்பது ஜோடி வேணும் அண்ணி. பாத்துப் போட்டுக் குடுங்க."

"சல்லிக்காசு குறைக்க மாட்டேன்" என்றார் கீல்காரம்மா, விறைப்பாக. ஜோடி ஜோடியாக எண்ணிப் போட்டார். கொழுந்தன் காசு எடுக்கச் சட்டைப்பைக்குள் கையை விட்ட நேரம் பார்த்து, இரண்டு கையாலும் திருகாணியை அள்ளிப் பைக்குள் சத்தமில்லாமல் இறக்கினார்.